ஆவடித் தீர்மானமும் ஆலைக்குள் தொழிலாளர் குரலும்

1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் யு.என்.தேபர் தலைமையில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு நடைபெற்றது. சோசலிச பாணியிலான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்று அம்மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், தொழிலாளி நாட்டின் வளர்ச்சிப் பணியில் ஒரு பங்காளி என்று அறிவித்தது. பங்காளி என்றால் அவனுக்கு ஆலையின் முடிவுகளில் என்ன பங்கு? இந்தக் கேள்விக்கு இந்தியா அளித்த விடைகளின் வரலாறு வியப்பானது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் தொழிலாளிக்குக் கிடைக்காத இடம், மூடப்படும் ஆலையில்தான் அவனுக்குக் கிடைத்தது.

தொடக்கம்

ஆலைக் குழுக்கள் ஆவடிக்கு முன்பே இருந்தன. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில்லில் நடந்த நீண்ட போராட்டம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் 1922இல் நிர்வாகமே அங்கு ஒரு பணிக்குழுவை அமைத்தது. போராடித் தோற்றவர்களுக்கு மேலிருந்து தரப்பட்ட குழு அது. தொழிலாளரைப் பேசவிடுவது அதன் நோக்கமாக இருந்ததே தவிர, முடிவெடுக்க விடுவது அல்ல.

சுதந்திர இந்தியாவிலும் இதே வடிவம் தொடர்ந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் பணிக்குழு அமைக்குமாறு அரசு உத்தரவிட முடிந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை விடக் குறையக்கூடாது என்று அச்சட்டம் கூறியது. ஆனால் நல்லுறவை வளர்ப்பதும் கருத்துச் சொல்வதும் மட்டுமே அக்குழுவின் வேலையாக இருந்தது. குடிநீர், வெளிச்சம், காற்றோட்டம், கேன்டீன் ஆகியவை அதன் எல்லைக்குள் வந்தன. கூலி, போனஸ், ஆட்குறைப்பு ஆகியவை வரவில்லை.

யூகோஸ்லாவியாவும் கூட்டுக் குழுக்களும்

அக்காலத்தில் உலகமே கவனித்த முன்மாதிரி யூகோஸ்லாவியா ஆகும். 1948இல் சோவியத் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்நாடு, 1950 ஜூனில் ஒரு சட்டம் இயற்றி ஆலைகளைத் தொழிலாளர் மன்றங்களின் நிர்வாகத்தில் விட்டது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் உற்பத்தித் திட்டத்தையும் வருமானப் பங்கீட்டையும் முடிவு செய்தது. கட்சியின் பிடியும் வங்கிகளின் கையும் அங்கும் இருந்தன. எனினும் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை தொழிலாளரிடம் இருந்தது.

1956இல் இந்திய அரசு அனுப்பிய முத்தரப்பு ஆய்வுக்குழு யூகோஸ்லாவியாவையும் மேற்கு ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளையும் பார்த்து வந்தது. அதன் அறிக்கையை ஒட்டி 1958 முதல் கூட்டு மேலாண்மைக் குழுக்கள் தொடங்கப்பட்டன. டாடா இரும்பு எஃகு ஆலை, இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், சென்னை சிம்சன் போன்ற நிறுவனங்களில் இவை அமைந்தன.

ஆனால் யூகோஸ்லாவியாவில் சட்டமாக இருந்தது இங்கே முதலாளி விரும்பினால் ஏற்கும் திட்டமாக மாறியது. நிறுவனத்தின் நிலை பற்றிய தகவல் பெறலாம், ஆலோசனை கூறலாம், நலத்திட்டங்களை மேற்பார்வை செய்யலாம். கூலியும் போனசும் இங்கும் விலக்கப்பட்டன. தொழிலாளி எதைப் பற்றிப் பேச விரும்பினானோ அது குழுவில் இல்லை. குழுவில் இருந்ததைச் சங்கமே பேசித் தீர்க்க முடிந்தது. எனவே பல குழுக்கள் பெயரளவில் மட்டுமே நின்றதில் வியப்பில்லை.

நெருக்கடி நிலை தந்த விதி

1975இல் நெருக்கடி நிலையின்போது, 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளில் பிரிவு மன்றமும் கூட்டு மன்றமும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத காலத்தில் நிர்வாகத்தில் பங்கு என்பது ஒரு முரண் எனலாம். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 43ஏ விதியைச் சேர்த்தது. தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்பது அவ்விதி. ஆயினும் அது வழிகாட்டு நெறிதான். அதைக் காட்டி யாரும் நேரடியாக வழக்குத் தொடுத்து உரிமை பெற முடியாது.

கோவை வழக்கு

அந்த விதி உயிர் பெற்றது ஒரு கோவை வழக்கில் ஆகும். குடும்பத்தாருக்குள் எழுந்த பூசலால் ஒரு நிறுவனத்தைக் கலைக்கக் கோரி சென்னை உயர்நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. தங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கம்பெனிச் சட்டத்தில் பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடம் உண்டு, தொழிலாளிக்கு இல்லை என்று அவர்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது.

உச்சநீதிமன்றம் 1982 டிசம்பரில் இதை மாற்றியது. ஐந்து நீதிபதிகளில் மூவர் தொழிலாளர் பக்கம் நின்றனர். பணம் போட்டவனைக் கேட்கும் சட்டம், உழைப்பைப் போட்டவனைக் கேட்க மறுப்பது நியாயமல்ல என்பது நீதிபதி பகவதியின் வாதத்தின் சாரம். அதற்கு 43ஏ விதியும் துணை நின்றது. ஆனால் அந்த உரிமை, கம்பெனி கலைக்கப்படும்போது தம் கருத்தைச் சொல்லும் உரிமை மட்டுமே.

மும்பை குர்லாவில் 1985இல் மூடப்பட்ட காமனி டியூப்ஸ் ஆலையின் கதையும் இத்தகையதே. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அதை எடுத்து நடத்த 1988இல் அனுமதி கிடைத்தது. சேமிப்பையும் வருங்கால வைப்புநிதியையும் போட்டு அவர்கள் ஆலையைத் திறந்தனர். சில ஆண்டுகள் லாபமும் வந்தது. பின்னர் நடைமுறை மூலதனம் இன்றி அது நலிந்தது. மற்றவர் கைவிட்ட ஆலைதான் அவர்கள் கைக்கு வந்தது என்பதை மறந்துவிட்டு, தொழிலாளரால் நிர்வாகம் செய்ய முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சரியாகாது.

முடிவுரை

நிர்வாகக் குழுவிலேயே தொழிலாளருக்கு இடம் தரும் மசோதா 1990இல் மாநிலங்களவைக்கு வந்தது. அது சட்டமாகவில்லை. மேற்கு ஜெர்மனியோ 1951இலேயே நிலக்கரி, எஃகுத் துறைகளின் மேற்பார்வைக் குழுக்களில் சம இடத்தைச் சட்டமாக்கிவிட்டது. அது சோசலிச நாடு அல்ல. ஆகவே கொள்கையின் பெயரை விட, சட்டம் தரும் அதிகாரமே முக்கியம் என்பது தெளிவாகிறது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே பணிக்குழு, அதே 100 பேர், அதே நல்லுறவு. ஆவடித் தீர்மானத்துக்கு 70 ஆண்டுகள் ஆகிவிட்டன. பங்காளி என்ற சொல் மட்டும் நிலைத்தது, பங்கு இன்னும் பிரிக்கப்படவில்லை.