அட்டைச் சுவர்ப் பிரபஞ்சம்

பிரிட்டிஷ் டெலிவிஷனின் விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அட்டைச் சுவர்கள் ஆடுவதைச் சொல்லிச் சிரிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. இந்தச் சிரிப்பில் அன்பு இருக்கலாம், பார்வை இல்லை. கல்யாண வீட்டில் ஏழை உறவினரை விசாரிப்பது போன்ற அன்பு அது. ஸெட் மலிவு, ஆனாலும் ரசிக்க முடிகிறது என்கிறார்கள். இந்த 'ஆனாலும்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. அந்த ஹாஸ்யத்தின் உருவமே பணமின்மையிலிருந்து பிறந்தது என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சியம் இருக்கிறது.

1953ல் பி.பி.ஸி. ஆறு வாரங்கள் ஒளிபரப்பிய 'தி க்வாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்'டிலிருந்து தொடங்கலாம். இது ஹாஸ்யமல்ல, பயக் கதை. எழுதியவர் நைஜல் நீல். ஸ்டூடியோவில் நடிகர்கள் நடிக்க நடிக்க அது அப்படியே வீடுகளில் தெரிந்த காலம். கடைசிப் பகுதியில், விண்வெளி சென்று திரும்பியவனின் உடம்பு ஒரு ராட்சதத் தாவரமாகி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் உட்புறத்தில் படர்ந்திருக்க வேண்டும். நீலும், பின்னாளில் அவர் மனைவியான ஜூடித் கெர்ரும் கையுறைகளில் செடிகொடிகளை ஒட்டினார்கள். அபேயின் உட்புறப் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, ஓட்டை வழியே கைகளை நுழைத்து ஆட்டியவர் நீல்தான். ஐந்து வாரங்களாக வசனம் கட்டியெழுப்பிய பயம் அந்தக் கையுறைக்கு உயிர் கொடுத்தது. நீலின் க்வாட்டர்மாஸ் கதைகளை 1959ல் 'கூன் ஷோ' ரேடியோவில் கேலி செய்தது. எதைக் கண்டு பயந்தார்களோ அதையே சிரிக்கவும் ஜனங்கள் தயாராக இருந்தார்கள். பின்னால் வந்த ஹாஸ்யம் முழுவதும் இந்த இரட்டை மனத்தை நம்பித்தான் நின்றது.

இதை டெலிவிஷனின் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில் கட்டியக்காரன் முதலில் வந்து, இச்சிறிய மேடையில் ஃப்ரான்ஸின் போர்க்களம் அடங்காது, குறையை உங்கள் மனத்தால் இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சபையோரிடம் மன்னிப்புக் கேட்கிறான். மன்னிப்பா அது? ஓர் ஒப்பந்தம் என்றே எனக்குப் படுகிறது. நடிகன் சொல்வான், பார்ப்பவன் உண்டாக்கிக்கொள்வான். பி.பி.ஸி. ஸ்டூடியோ இந்த ஒப்பந்தத்தை நாடக மேடையிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் சுவீகரித்துக்கொண்டது. ஹாலிவுட் இதில் கையெழுத்திட்டதே கிடையாது.

1963 நவம்பர் 23 அன்று, கென்னடி கொலையுண்ட மறுநாள், 'டாக்டர் ஹூ' தொடங்கியது. எங்கே போனாலும் அந்த இடத்திற்கேற்ப உருமாறும் கால யந்திரம் என்பது கதை. கதைக்கு ஓர் உருவம் என்று செய்யப் பணம் ஏது? யந்திரம் கெட்டுப்போய் போலீஸ் டெலிபோன் பெட்டியாகவே நின்றுவிட்டது என்று எழுதிவிட்டார்கள். செலவுக் கணக்கு கற்பனையாக மாறிய இடம் இது. அது புறப்படும் ஓசையை ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்ஸன் ஒரு பழைய பியானோவின் தந்திகளில் சாவியை இழுத்து உண்டாக்கினார். டாலெக் என்ற உலோக அரக்கனின் கை, அடைத்துக்கொண்ட கழுவு தொட்டியைக் குத்தும் ரப்பர்க் கிண்ணம். அந்த அரக்கனை வரைந்த ரேமண்ட் குஸிக் சம்பள ஊழியர் என்பதால் அவருக்கு ராயல்டி கிடைக்கவில்லை. எழுதிய டெர்ரி நேஷனுக்குக் கிடைத்தது. சிக்கனத்தைப் போற்றும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

'டாக்டர் ஹூ'வில் 1979-80 பருவத்திற்கு ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்தவர் டக்ளஸ் ஆடம்ஸ். அவருடைய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த காலக்ஸி' 1978 மார்ச்சில் ரேடியோவில் தொடங்கி, 1981 தொடக்கத்தில் ஆறு பகுதிகளாக டெலிவிஷனுக்கு வந்தது. இந்த இடமாற்றம்தான் என் வாதத்தின் உரைகல். ஸாஃபோட் என்பவனுக்கு இரண்டு தலை என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போக ஒரு வாக்கியம் போதும். அது சிரிப்பு. டெலிவிஷனில் அந்தத் தலையைச் செய்து நடிகர் மார்க் விங்-டேவியின் தோளில் மாட்டவேண்டி வந்தது. மோட்டார் வைத்த அந்தத் தலை அடிக்கடி பழுதாகி, தூங்குமூஞ்சியாகத் தோளில் கிடந்தது. இதை நான் குறை என்றே சொல்வேன். சொல் செய்த வேலையைப் பொருளிடம் ஒப்படைத்ததன் தண்டனை அது.

அதே தொடரில் வேறொன்று வெற்றி பெற்றது. பிரபஞ்சக் கையேட்டின் பக்கங்கள் திரையில் ஒளிரும் எழுத்துகளாகவும் கோட்டுப் படங்களாகவும் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் வரைந்தது என்றே அன்று பலர் நினைத்திருப்பார்கள். ராட் லார்டின் குழு அத்தனையையும் கையால் வரைந்து ஃபிலிமில் எடுத்தது. மேலே பீட்டர் ஜோன்ஸின் குரல், வங்கியில் மூத்த அதிகாரி சுற்றறிக்கை வாசிக்கும் நிதானத்துடன், பூமியின் அழிவைச் சொல்கிறது. பூமியை இடிப்பவர்களும் அதிகாரிகள்தாம். ஆட்சேபம் இருந்தால் முன்பே வந்து தெரிவித்திருக்க வேண்டும் என்கிறார்கள். காஃப்காவிடம் மூச்சு முட்டும் விஷயம் இங்கே தேநீர் நேரத்துப் பேச்சாகிவிடுகிறது. அதன் கொடூரம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

'ரெட் ட்வார்ஃப்' 1988 பிப்ரவரியில் வந்தது. ராப் க்ராண்ட், டக் நெய்லர் இருவரும் எழுதினார்கள். இதுவும் ரேடியோத் துணுக்கில் பிறந்ததுதான். பி.பி.ஸி. பலமுறை மறுத்தபின், வேறொரு ஹாஸ்யத் தொடரின் அடுத்த வரிசைக்கென ஒதுக்கிய பணம் செலவாகாமல் நின்றதால் மான்செஸ்டர் ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது. கதிர்வீச்சில் கப்பலில் எல்லோரும் இறந்துபோகிறார்கள். பூனை வளர்த்த குற்றத்திற்குத் தண்டனையாக உறைநிலையில் அடைக்கப்பட்ட லிஸ்டர் மட்டும் முப்பது லட்சம் வருஷம் கழித்து விழிக்கிறான். துணைக்கு அவனுடைய மேலாளன் ரிம்மர், இறந்தவனின் ஒளிப்பிம்பமாக. கப்பலிலேயே கடைநிலை லிஸ்டர். அவனுக்கு ஒரே ஒரு படி மேல் ரிம்மர். பதவி உயர்வுப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றவன் அவன். குமாஸ்தா எவனுக்கும் இந்தப் படியின் உயரத்தை விளக்கவேண்டியதில்லை.

ரிம்மர் ஒளிப்பிம்பம் என்பதைக் காட்ட என்ன செய்தார்கள்? நெற்றியில் 'ஹெச்' என்ற எழுத்தை ஒட்டினார்கள். அவ்வளவுதான். அவனால் எதையும் தொட முடியாது என்று சொல்லிவிட்டால் நாம் நம்பிவிடுகிறோம். அதன்பின் நடிகர் க்ரிஸ் பாரி ஒரு பொருளையும் தொடாமல் நடிப்பதே துக்கமாகவும் கேலியாகவும் ஆகிவிடுகிறது. ஒரே சாம்பல் நிற அறை, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. வெளிக்கிரக ஜீவராசிகளே கிடையாது என்று ஆசிரியர்கள் விதித்துக்கொண்டார்கள். மிச்சமிருப்பது, ஒருவரை ஒருவர் சகிக்காமலும் பிரிய வழியில்லாமலும் அடைபட்ட இரண்டு பேர். 1962ல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் ஸன்'னின் பழைய சாமான் வியாபாரியும் மகனும் அடைபட்டிருந்த அதே அறை, இப்போது விண்வெளியில்.

1989ல் வந்த 'மரூண்ட்' என்ற பகுதியைப் பாருங்கள். பனிக் கிரகமொன்றில் சிறு கலத்துக்குள் லிஸ்டரும் ரிம்மரும். குளிர்காயப் புத்தகங்களை எரிக்கிறார்கள், பணத்தை எரிக்கிறார்கள். லிஸ்டரின் கிட்டார் மிஞ்சுகிறது; ரிம்மரின் கற்பூர மரப் பெட்டியும், நெப்போலியன் காலத்துப் பொம்மைச் சிப்பாய்களும் மிஞ்சுகின்றன. பெட்டியின் முதுகில் கிட்டார் வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, கிட்டாரையே எரிப்பதாகக் காட்டி எரிக்கிறான் லிஸ்டர். அந்தத் தியாகத்தில் மனம் நெகிழ்ந்து ரிம்மர் தன் சிப்பாய்களைத் தர முன்வருகிறான். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓர் அறை, இரண்டு மனிதர்கள், பேச்சு. சாம்ராஜ்யம் போனபின் பொம்மைப் படையோடு மிஞ்சிய ஓர் இங்கிலீஷ்காரனை இவ்வளவு ஈரத்தோடு கேலி செய்த நாடகம் மேடையிலும் அதிகமில்லை.

மலிவாக இருப்பதெல்லாம் இப்படி ஆகிவிடுவதில்லை. 1978ல் வந்த 'கம் பேக் மிஸஸ் நோவா'வும் மலிவான விண்வெளி ஹாஸ்யம்தான். வெறும் மலிவாகவே நின்றுவிட்டது. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது சுவர் ஆடுவதுதான் கண்ணில் படும். 2004ல் 'கார்த் மரெங்கீஸ் டார்க்ப்ளேஸ்' பழைய டெலிவிஷனின் அபத்தங்களை வேண்டுமென்றே செய்து காட்டியது. சாமர்த்தியம்; நானும் சிரித்தேன். ஆனால் ஏழ்மை அங்கே வேஷமாகிவிட்டது. நீல் கையுறையை ஆட்டியபோது கண் சிமிட்டவில்லை.

2005ல் ஆடம்ஸின் கதை ஏராளமான பணத்துடன் சினிமாவாயிற்று. ஆடம்ஸ் 2001லேயே இறந்துவிட்டார். ஸாஃபோட்டின் இரண்டாவது தலை இம்முறை பழுதாகவில்லை. மோவாய்க்கடியிலிருந்து வழுவழுப்பாக எழும்பியது. பார்த்தவர்கள் யாருக்கும் தாம் இட்டு நிரப்ப எதுவும் மிச்சமில்லை.

'ரெட் ட்வார்ஃப்' விஷயத்தில் இதை உடையவர்களே செய்துகொண்டார்கள். 1998ல் முதல் மூன்று வரிசைகளையும் எடுத்து, வண்ணத்தைத் திருத்தி, மாடல் கப்பலை நீக்கி, கம்ப்யூட்டரில் வரைந்த நீளமான கப்பலை நுழைத்தார்கள். ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. 2002ல் முதல் வரிசை டி.வி.டி.யாக வந்தபோது அதில் இருந்தது பழைய மாடல் கப்பல்.