பறவை விரட்டல் (காவிரிப் படுகை)

வயல், கொல்லை, முற்றம் ஆகியவற்றில் உள்ள தானியத்தையும் காய்கனியையும் பறவைகளிடமிருந்து காக்கும் வேலை பறவை விரட்டல். சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் தினைப்புனக் காவலுக்குப் பரண், கவண், பறவை விரட்டும் கருவிகளான தட்டை, குளிர், தழல் ஆகியவை பேசப்படுகின்றன. தஞ்சைப் பகுதியில் காக்கப்படுவது நெல். கதிர் பால்பிடிக்கும்போது சில்லைக் குருவிகள் கூட்டமாக இறங்கும். கொல்லையில் கொய்யாவைக் கிளி கொத்தும்; முற்றத்தில் காயும் நெல்லுக்குப் புறாவும் வடகத்துக்குக் காகமும் வரும். வடகத்தின் அருகே கறுப்புக் குடையை விரித்து வைப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம்.

வைக்கோல் பொம்மை, தகரத் தட்டல், பளபளக்கும் நாடா எல்லாமே சில நாள்தான் பயன்தரும், பறவை பழகிவிடும். அடிக்கடி இடம் மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உறுதியான காவல் வலைதான். தொய்வான மெல்லிய நூல் வலையில் பறவை சிக்கிச் சாகும் என்பதால், அதை இழுத்துக் கட்டுவது கட்டாயம்.

எல்லாப் பறவையும் பகையல்ல. எலியையும் பூச்சியையும் பிடிக்கும் ஆந்தைக்கும் கரிச்சானுக்கும் உட்கார இடம் தர, வயலில் குறுக்குக்கட்டை வைத்த குச்சிகள் நடப்படுகின்றன. மயில் மேய்ந்தாலும் விஷம் வைப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இடம்பெற்றுள்ளது.