உபதேசியாரின் அச்சம்: தரங்கம்பாடி முதல் டோர்னக்கல் வரை

உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்குப் பாடம் சொல்வதும், குருவானவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், மற்ற நாட்களில் பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய்ச் சுவிசேஷம் சொல்வதும் அவர் வேலை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் வளர்ந்தது பெரும்பாலும் இவர்கள் நடந்த நடையால்தான். வெள்ளைக்கார மிஷனெரியின் மேல் கைவைக்க ஊரார் தயங்கினார்கள்; அவருக்குப் பின்னால் கிழக்கிந்தியக் கும்பினி நிற்பதாக எண்ணினார்கள். உபதேசியாருக்கு அந்த மறைப்பு இல்லை. அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்த ஊர்களில்தான். ஆகவே அச்சம் அவருக்கு மனப்பிரமை அல்ல; கணக்குப் பார்த்து வந்த அச்சம்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி பர்த்தலோமேயு சீகன்பால்குவைச் சிறைப்படுத்தியது உள்ளூர் மன்னர் அல்லர், அவரை அனுப்பிய டென்மார்க் நாட்டின் கோட்டைத் தளபதிதான் என்பது இந்த வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. 1708இன் கடைசியில் தொடங்கிய அந்தச் சிறைவாசம் ஏறத்தாழ 4 மாதம் நீடித்தது. மறுபக்கம், தஞ்சை மராத்திய அரசின் எல்லைக்குள் ஐரோப்பியர் நினைத்தபடி நுழைய முடியாதிருந்தது. 1709இல் அந்தப் பக்கம் புறப்பட்ட சீகன்பால்கு, மேலே போனால் பிடிபடுவார் என்ற எச்சரிக்கை கேட்டுத் திரும்பினார். அவர் போக முடியாத இடத்துக்கு உபதேசியார்கள் போனார்கள். தஞ்சை அரசின் படையில் சேவகம் செய்து, கத்தோலிக்க சபையிலிருந்து வந்த இராசநாயக்கன் அவர்களில் பேர்பெற்றவர். கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவானார். அச்சத்தை எதிர்கொள்ள அந்தக் காலத்தில் தனி ஏற்பாடு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆளின் துணிவை நம்பியே காரியம் நடந்தது.

திருநெல்வேலிச் சீமையில்தான் அச்சத்தை எதிர்கொள்வது ஓர் ஏற்பாடாக மாறியது. 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற மராத்தியப் பிராமண விதவை அங்கே கட்டிய சிற்றாலயம் 1785இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி உருவான சபைக்கு உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். சத்தியநாதனுக்குத் துணையாகத் தேரிக்காட்டுப் பக்கம் இறங்கியவர் சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம். வெளியூரில் கிறிஸ்தவராகித் திரும்பிய அவர் முதலில் பேசியது சொந்தக்காரர்களிடம்.

அங்கே அச்சம் என்பது அடி உதைக்கான அச்சம் மட்டுமல்ல. பனையேறிகள் வாழ்ந்தது வாரத்துக்கும் குத்தகைக்கும் விட்ட மரங்களை நம்பி. நிலக்காரர் மரத்தை மறித்தால் அந்தப் பருவத்துப் பதநீர் போயிற்று. ஊர்க் கிணறு மறுக்கப்படும், நாவிதரும் சலவைக்காரரும் வரமாட்டார்கள், பிணம் எடுக்க ஆள் கிடைக்காது. கோயில் கொடைக்கு வரி கொடுக்க மறுப்பது நிலக்காரர் கண்ணுக்கு மதமாற்றமாகத் தெரிவதற்கு முன் கீழ்ப்படியாமையாகத் தெரிந்தது. சபை வரலாறுகள் விசுவாசத்துக்காக வந்த துன்பம் என்று எழுதுபவற்றில் பல, கூலியையும் மரியாதையையும் பற்றிய சண்டை.

1799இல் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. எவரெட் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவரின் உதவியுடன் நிலம் வாங்கி, துரத்தப்பட்ட 28 பேரைக் குடியேற்றி முதலூர் தொடங்கியது. கிறிஸ்தவர்களுக்கென்றே எழுந்த முதல் ஊர் என்பதால் வந்த பெயர் அது. இன்னொரு வழியையும் தாவீது கண்டார். அதைச் சொல்லும்போது சபை வரலாற்றாசிரியர்களின் குரல் சற்றுத் தாழ்கிறது. கம்பேந்திய இளைஞர் கூட்டம் ஒன்றைச் சேர்த்துத் தாக்க வந்தவர்களைத் திருப்பி அடித்தார். தடிக்கம்பு அச்சத்தைப் போக்கியது உண்மை. பகையை வளர்த்ததும் உண்மை. 1806இல் தாவீது இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்பது சபை மரபு.

அதற்குள் 1802, 1803 ஆண்டுகளில் சத்தியநாதனும் மிஷனெரி கெரிக்கே ஐயரும் 5,000க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்குப் பாடம் சொல்ல உபதேசியார்கள் போதவில்லை. எதிர்ப்பு முற்றியது, ஜெப வீடுகள் எரிந்தன. 1811ஐ ஒட்டிக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியபோது பழைய தெய்வங்களின் கோபம் என்று பயந்து பலர் திரும்பிப் போனார்கள். கம்பால் தடுக்க முடியாத அச்சம் அது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்த அச்சத்தைப் போக்கத்தான் முயன்றார். 1830இல் அவர் தொடங்கிய தரும சங்கம், நிலம் வாங்கி வீடு கட்டக் கிறிஸ்தவர்களிடமே பணம் சேர்த்தது. புதிய குடியிருப்புகள் எழுந்தன. சுவிசேஷபுரம், மெஞ்ஞானபுரம், கடாட்சபுரம், சமாதானபுரம் போன்ற பெயர்கள் அந்த நூற்றாண்டில் திருநெல்வேலி வரைபடத்தில் ஏறியவை. அதைவிட முக்கியம் உபதேசியார் கூட்டம். தூரத்து ஊர்களில் தனித்தனியாகக் கிடந்தவர்கள் குறித்த நாளில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வார்கள். யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம் என்பதை எழுதிக்கொண்டு வருவார்கள். வேத பாடம் நடக்கும். ஓரூரில் வாயடைத்துப்போன உபதேசியாருக்கு அடுத்த ஊர்க்காரரிடம் பதில் கிடைக்கும். உபதேசியாரின் வாயைக் கட்டியது பல சமயம் தடியடி அல்ல. சந்தையில் படித்தவர் ஒருவர் கேட்கும் கேள்வி.

புகலிட ஊர்களுக்கு ஒரு விலையும் இருந்தது. எல்லோரும் கிறிஸ்தவராக இருக்கும் ஊரில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. சுவிசேஷம் சொல்வதற்கும் ஆள் இல்லை. பாதுகாப்பு வேலியாயிற்று. வேலிக்கு வெளியே கோபம் கூடியது. 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் எதிர்ப்பு ஒன்றுதிரண்டு, 1845இல் நல்லூர் வட்டாரக் கிறிஸ்தவ ஊர்களில் வீடுகள் சூறையாடப்பட்டன. வழக்கு சென்னைவரை போனது.

கற்றோர் வீடுகளில் அச்சத்தின் முகம் வேறு. கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் அவர் ஞானஸ்நானம் பெற்றது ஊரிலிருந்து வெகுதூரத்தில், சென்னையில். அவருக்கு இழக்கக் கிணறும் பனைமரமும் அல்ல, உறவும் புலமைப் பெயரும் இருந்தன.

வேலியைத் தாண்டும் முயற்சி 1854இல் தொடங்கியது. தாமஸ் ராக்லண்ட் என்ற மிஷனெரி, தோழர் இருவருடன் சிவகாசியைச் சுற்றிய வடபகுதிக்குக் கூடாரத்தோடு புறப்பட்டார். கிறிஸ்தவர் அரிதான கரிசல் ஊர்கள் அவை. தென்பகுதிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை மாதம் ஒரு குழுவாக முறைவைத்து அனுப்பின. ஒரு மாதம் முடிந்ததும் அந்தக் குழு ஊர் திரும்பும், அடுத்தது வரும். புதிய இடத்தில் கல்லெறி பட்டவர் வீட்டுக்குப் போய்க் கதை சொன்னார். அதைக் கேட்டவர்களிலிருந்து அடுத்த மாதக்காரர் கிளம்பினார். துணையாக ஆள் உண்டு, முடிவுத் தேதியும் உண்டு என்பதே பாதி தைரியம். ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் 43 வயதில் இறந்தார். முறைவைத்துப் போவது அதோடு நிற்கவில்லை.

1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. தமிழ்ச் சபைகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர்கள் போனார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் டோர்னக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதி மக்கள், பலர் எழுத்தறியாதவர்கள். சம்பளக்கார உபதேசியாரை மட்டும் நம்பினால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று அசரியா கண்டார். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலையில் தாமே கைவைத்து, சுவிசேஷம் சொல்லாமல் இருந்தால் தமக்குக் கேடு என்ற அப்போஸ்தலர் பவுலின் கருத்தை உரக்கச் சொல்லவேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். ஆண்டில் ஒரு வாரம் சாட்சி வாரம். அந்த வாரத்தில் வயல் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் கூட்டமாக, பாட்டுப் பாடிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். யாரும் தனியாகப் போகவில்லை.