பரங்கிமலையில் பிடித்த சங்கிலி

தில்லி விமானத்துக்காக மீனம்பாக்கத்தில் காத்திருந்தோம். என் பேரன் கைபேசியைப் பார்த்துவிட்டு, "தாத்தா! இங்கிருந்து தில்லிக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,750 கிலோமீட்டர்" என்றான். சற்று யோசித்து, "ஆகாயத்தில் மைல்கல் கிடையாதே, இதை யார் அளந்தார்கள்?" என்று கேட்டான்.

ஆகாயத்தை யாரும் அளக்கவில்லை, பூமியைத்தான் அளந்தார்கள். பூகோள உருண்டையின் மேல் சென்னைக்கும் தில்லிக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது படிகிற வழியே மிகக் குறுகிய வழி. இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், அந்த நூல் பூமியின் மையத்தில் எத்தனை டிகிரி கோணம் பிடிக்கிறது என்று கணக்கிடலாம். சென்னை - தில்லிக்கு அது 16 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் விடை வந்துவிடும்.

அந்த டிகிரியின் நீளத்தைக் கண்டுபிடிக்கத்தான் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல தேசங்களில் அளந்தார்கள். நம் தேசத்தில் அந்தப் பெரிய வேலை தொடங்கிய இடம், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வெகு அருகில்!

1799-ல் திப்பு வீழ்ந்தபின், கம்பெனியாருக்குத் தென்னாட்டு நிலத்தின் சரியான கணக்கு வேண்டியிருந்தது. அந்தப் போரில் இருந்த லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, 1802 ஏப்ரலில் பரங்கிமலைச் சமவெளியில் நூறு அடி எஃகுச் சங்கிலி ஒன்றை விரித்தார். சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் போய், அவர் வேண்டாமென்றதால் திரும்பிவந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளுமே என்று, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஏழரை மைல் அளக்க, சங்கிலியைச் சுமார் நானூறு தடவை நகர்த்த வேண்டியிருந்தது.

அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் கருவியை மேலே ஏற்றும்போது, கயிறு அறுந்து அது சுவரில் மோதி நசுங்கிற்று. வேறொருவராயிருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். லாம்ப்டனோ வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, தம் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். 1823-ல் வேலை முடியுமுன்பே வழியில் மாண்டார். பின்னால் வந்த எவரெஸ்ட் 1830-ல் பூமியின் உருவ அளவை வெளியிட்டார். நம் தேசப் படங்கள் நெடுங்காலம் அந்த அளவின் மேல் நின்றன. 1998 முதல் விமானங்களுக்குச் செயற்கைக்கோள் கொண்டு கண்ட உலகப் பொது அளவு வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டபின் பேரன், "சங்கிலியைத் தூக்கினவர்கள் யார், தாத்தா?" என்றான்.

வெயிலில் நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள், நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். சிகரத்துக்கு வைத்தது எவரெஸ்டின் பெயர். இவர்களுக்கு ஒரு மைல்கல்கூட இல்லை.

விமானம் எழும்பியது. ஜன்னல் வழியே பரங்கிமலை ஒரு நிமிஷம் தெரிந்தது. பேரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.