சைவமா, கிறிஸ்தவமா: 1879இல் ஓர் இருக்கைக்கு நடந்த போட்டி

இலங்கையில் 1833இல் உருவான சட்டநிரூபண சபையில் தமிழருக்கு ஒரே ஓர் இருக்கைதான். வாக்கெடுப்பு இல்லை, ஆளுநரே நியமிப்பார். ஆயினும் 1879 மே மாதம் உறுப்பினர் முத்துக்குமாரசுவாமி மறைந்ததும் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது தேர்தலுக்கு நிகரான போட்டி. கிறிஸ்தவரான வழக்கறிஞர் கிறிஸ்டோபர் பிரிட்டோ ஒருபுறம். மறைந்தவருடைய சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன் மறுபுறம். ஆறுமுக நாவலர் இராமநாதனுக்காகக் கூட்டம் கூட்டினார். இராமநாதனே நியமனம் பெற்றார்.

இதனைச் சைவத்தின் வெற்றி என்பர். அந்த இருக்கை பிரதிநிதித்துவம் செய்த 'தமிழர்' யார் என்பதே நம் கேள்வி. சபையின் முதல் தமிழ் உறுப்பினரும் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனாரே. நாவலரோ மிஷனரிகளை எதிர்த்த அதே உறுதியுடன் சாதி ஆசாரத்தையும் காத்தவர். நளவரும் பள்ளரும் பறையரும் எக்கோயில்களுக்குள் நுழைய முடியாதிருந்தனரோ, அக்கோயில்களின் சமயமே அவர்களுக்கும் சேர்த்துப் பேசியது. (தேவாலயங்களும் சாதியைக் கடந்துவிடவில்லை.)

அரை நூற்றாண்டுக்குப் பின் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, அனைவருக்கும் வாக்குரிமை என்பதை எதிர்த்தவர்களுள் முதியவரான இராமநாதனும் ஒருவர். ஏறத்தாழ அதே வேளையில், 1928இல், சைமன் குழுவிடம் அம்பேத்கர் அவ்வுரிமையையே கோரிக்கொண்டிருந்தார். இலங்கையில் அது 1931இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், அவர்களுள் பெருந்தொகையினர் தலித்துகள், நிலையான வதிவிடத்தை நிரூபித்தாலன்றி வாக்காளர் பட்டியலில் இடம்பெற இயலவில்லை.