மாணாக்கர் முறையீடும் பல்கலைக்கழக நீதியும்

சிலம்பு திருடினான் என்னும் பழி கோவலன்மேற் சுமத்தப்பட்டபோது, பாண்டியன் நெடுஞ்செழியன் அவனைத் தன்முன் அழைப்பித்து ஒரு வினாவேனும் வினவினானில்லை. பொற்கொல்லன் மொழி ஒன்றையே சான்றாகக் கொண்டு தண்டம் விதித்தான். விசாரணை பின்னரே நிகழ்ந்தது. கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய காலத்தில், தண்டிக்கப்பட்டவன் உயிருடன் இலன். முறையீட்டைக் கேளாத நீதி முறையன்று என்பதை நம் முன்னோர் இக்காப்பியத்தால் நன்குணர்த்திச் சென்றனர்.

நம் சங்கத்துக் குடும்பங்களினின்றும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அவர்களிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் புகுந்தவர்கள். தேர்வில் தவறிழைத்தான் என்றோ, ஒழுங்கு மீறினான் என்றோ ஓர் ஆணை வீட்டிற்கு வருமாயின், பெற்றோர் அதனைத் தலைவிதியென்று கருதி வாளாவிருந்து விடுகின்றனர். ஆதலின், பல்கலைக்கழகங்கள் மாணாக்கர் முறையீட்டை முன்னாளில் எங்ஙனம் ஏற்றன, இந்நாளில் எங்ஙனம் ஏற்கக் கடமைப்பட்டுள்ளன என்பவற்றை நம்மவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதற்கண் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1916-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததனைக் காண்போம். அக்கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் என்னும் ஆங்கிலேயர், தாழ்வாரத்தில் நின்ற மாணவர் சிலரைப் பிடித்துத் தள்ளினார் என்று சனவரித் திங்களில் முறையீடு எழுந்தது. வகுப்புப் பிரதிநிதியாய் இருந்த சுபாஷ் சந்திர போஸ் முதல்வர் ஜேம்ஸிடம் சென்று முறையிட்டார். முதல்வர் அதற்கு இணங்கிலர். மாணவர் வேலைநிறுத்தஞ் செய்தனர்; அவர்கள்மேல் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பேராசிரியரும் மாணவரும் தம்முட் பேசி மனம் ஒத்த பின்னரும் முதல்வர் அத்தண்டத்தை நீக்கவில்லை. பிப்ரவரித் திங்களில் இரண்டாம் முறையும் அத்தகைய நிகழ்ச்சியொன்று நேரவே, மாணவர் சிலர் பேராசிரியரைத் தாக்கினர்.

அரசாங்கம் கல்லூரியை மூடி, விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. உயர்நீதிமன்ற நீதிபதியும் முன்னாள் துணைவேந்தருமாகிய ஆசுதோஷ் முகர்ஜி அதன் தலைவர். அக்குழு விசாரணையை முடிக்கு முன்னரே, முதல்வர் போஸை அழைத்துக் கல்லூரியினின்றும் விலக்கினார். கல்லூரி ஆட்சிக்குழுவும் அதனை உறுதி செய்தது. வேறொரு கல்லூரியிற் படிக்கவேனும் இசைவு தருமாறு அவர் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார், அதுவும் மறுக்கப்பட்டது. பத்தொன்பது வயது இளைஞருக்கு வங்காளத்தின் கல்விக் கதவுகள் அனைத்தும் ஒரே காலத்தில் அடைபட்டன.

குழுவின்முன் போஸ் சான்று கூறியபோது, தாக்கியது தகுமா என்று வினவப்பட்டது. ‘தகாது, ஆயினும் மாணவர் பெரிதும் சினமூட்டப்பட்டனர்’ என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். தகாது என்று மட்டும் சொல்லியிருப்பின் தமக்கு நன்மை விளைந்திருக்கலாம். ஆயினும் அவர் உண்மையின் ஒரு பாதியைக் கூறி மறு பாதியை மறைக்க ஒருப்படவில்லை. கட்டாக் நகரில் நோயாளர்க்குப் பணிவிடை செய்தும் தொண்டுகள் ஆற்றியும் ஓராண்டிற்கு மேற் கழித்தபின், 1917-இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியிற் சேர இசைவு பெற்றார். 1919-இல் தத்துவப் பாடத்தில் முதல் வகுப்பிற் பட்டமும் பெற்றார். இவர் பின்னர்த் தேசபந்து சித்தரஞ்சன தாசரைத் தம் அரசியற் குருவாக வரித்தனர். அத்தாசரே சுப்பிரமணிய சிவாவின் வேண்டுகோட்கிணங்க, 1923-இல் நம் பாப்பாரப்பட்டியிற் பாரத மாதா ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியவர் என்பதை நம்மவர் அறிவர்.

பேராசிரியரைத் தாக்கியது பிழையே. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால் முதல் முறையீட்டிற்கு நடுநிலையான செவியொன்று கிடைத்திருப்பின், இரண்டாம் நிகழ்ச்சி நேராமலே ஒழிந்திருக்கலாம். தண்டனை முன்னும் விசாரணை பின்னுமாக நிகழ்ந்ததும் பெருங்குறை.

இக்குறையை நீதிமன்றங்கள் படிப்படியாகவே களைந்தன. இங்கிலாந்திற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718-இல் பென்ட்லி என்னும் பேரறிஞரின் பட்டங்களை அவரைக் கேளாமலே பறித்தது. 1723-ஆம் ஆண்டின் வழக்கில், ஆதாமைக்கூட இறைவன் வினவிய பின்னரே தண்டித்தான் என்று நீதிபதி ஒருவர் எடுத்துக்காட்டினார். பறித்த பட்டங்களை மீளக் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று.

நம் நாட்டில் இந்நெறி 1962-இல் உறுதி பெற்றது. உத்தரப்பிரதேசத்தில் மூன்று மாணவர் 1954-ஆம் ஆண்டு இன்டர்மீடியட் தேர்வெழுதித் தேறி, மேற்படிப்பிலும் சேர்ந்துவிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், அவர்தம் தேர்ச்சி நீக்கப்பட்டதென்றும், அடுத்த ஆண்டும் அவர்கள் தேர்வெழுதலாகாதென்றும் செய்தி வந்தது. அவர்களை ஒரு சொல்லும் கேட்டிலர். தேர்வுக்குழு இத்தகைய செயலில் நீதிபதிபோல் நடத்தல் வேண்டும், குற்றஞ் சாட்டப்பட்டவர்க்குத் தம் பக்கத்தைக் கூற வாய்ப்பளித்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்ஙனமாயின் கல்லூரி விசாரணை நீதிமன்ற வழக்குப் போன்றே நடத்தல் வேண்டுமோ எனின், அன்று. 1968-இற் கேரளப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், விசாரணை அறிக்கையின் படி தமக்குத் தரப்படவில்லை என்று வழக்கிட்டார். அவர்க்குப் போதிய வாய்ப்பளிக்கப்பட்டதென்று கண்ட உச்சநீதிமன்றம், இயற்கை நீதி ஓரிடத்திற்போல் மற்றோரிடத்திலும் ஒரே வடிவில் இராதென்று உரைத்தது. 1973-இல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கும் அத்தகையதே. பெண்கள் விடுதியில் இரவிற் புகுந்தனர் என்று மாணவர் சிலர்மேல் முறையீடு எழுந்தது. மூவர் குழு அப்பெண்களின் வாக்குமூலத்தை அம்மாணவர் இல்லாதபோது பெற்றது. பின்னர்க் குற்றச்சாட்டை மாணவர்க்கு உணர்த்தி, அவர்தம் மறுமொழியையும் கேட்டது. நேருக்கு நேர் நிறுத்தியிருப்பின் அப்பெண்களுக்குத் தீங்கு நேர்ந்திருக்கும் என்பதை ஏற்று, உச்சநீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. குற்றஞ் சாட்டப்பட்டவனுக்குச் செவி வேண்டும். முறையிட்டவளுக்குக் காப்பும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் அரிய செயலெனினும், அதனைக் கைவிடலாகாது.

முறையிட அஞ்சும் இடத்தில் விளையும் கேட்டினை நம் தமிழ்நாடு 1996-இற் கண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொலையுண்டார். ராகிங் என்னும் பகடிவதையே அதன் காரணமென்று அறிந்து நாடு நடுங்கிற்று. 1997-இல் தமிழ்நாடு அரசு அதனைத் தடுக்கச் சட்டமியற்றியது. ஈராண்டுவரை சிறையும் பதினாயிரம் ரூபாய்வரை தண்டமும் அதன்கண் உள. முறையீட்டைப் பெற்றும் நடவடிக்கை எடாத கல்லூரித் தலைவர் அக்குற்றத்திற்கு உடந்தையாவர் என்பது அச்சட்டத்தின் சிறப்பு. 2009-இற் பல்கலைக்கழக மானியக்குழு நாடு முழுமைக்கும் இதற்கென விதிகள் வகுத்தது.

விடைத்தாள் பற்றிய முறையீடும் ஒரு வரலாறு உடையது. விதியில் இடமில்லையேல் விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ உரிமையில்லை என்று 1984-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபின், தன் விடைத்தாளைப் பார்க்க மாணவனுக்கு உரிமையுண்டு என்று 2011-இல் அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆயினும், மறுமதிப்பீட்டிற்கு விதியின் இடம் இன்றும் வேண்டும்.

மானியக்குழு 2023-இல் வெளியிட்ட விதிகளின்படி, கல்லூரிதோறும் மாணாக்கர் குறைதீர்ப்புக் குழு இருத்தல் வேண்டும். அதிற் பெண் ஒருவரும், பட்டியல் வகுப்பு, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருள் ஒருவரும் இடம்பெறல் வேண்டும். மாணவப் பிரதிநிதியும் அழைக்கப்பெறுவர். முறையீடு கிடைத்த பதினைந்து வேலைநாளிற் குழு அறிக்கை தரவேண்டும். அம்முடிவால் நிறைவுறாதவர் பதினைந்து நாளிற் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முப்பது நாளில் முடிவு காணவேண்டும். மூலச் சான்றிதழ்களைத் தர மறுத்தல், கட்டணத்தைத் திருப்பித் தாராமை, தேர்வு முடிவு தாமதித்தல், உதவித்தொகை தாராமை, சாதி பற்றிய வேறுபாடு முதலியன அங்கே முறையிடத்தக்கன. தருமபுரி மாவட்டத்துக் கலை அறிவியற் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவையாதலின், அவற்றிற் பயிலும் நம் பிள்ளைகள் நாடவேண்டியவர் அப்பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரே.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவேம். விளக்கங் கேட்டு அறிக்கை வந்தால், குறித்த நாளுக்குள் எழுத்தால் விடையளிக்கச் செய்யுங்கள். வாய்மொழியாகக் கெஞ்சுதலும், பெரியோரிடம் பரிந்துரை தேடி அலைதலும் காலத்தை வீணாக்கும். முறையீட்டின் படியையும், அதனைப் பெற்றுக்கொண்டமைக்குரிய ஒப்புகையையும் பேணி வைத்தல் வேண்டும். பிள்ளை பிழை செய்திருப்பின் அதனை ஒப்புக்கொள்ளவும், தன்பால் உள்ள நியாயத்தை மறையாது கூறவும் பழக்குங்கள். ‘முறையிட்டால் மதிப்பெண் குறையும்’ என்று பெண்மக்களை அடக்கி வைத்தல் தகாது. நம் சங்கத்திற் சட்டமறிந்த அன்பர் பலர் உளர். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பத்தார்க்கு அவர்கள் எழுதிக் கொடுத்தால், அது பொருளுதவியினும் பெரிய உதவியாகும்.

கோவலனுக்காகக் கண்ணகி முறையிட்டபோது காலம் கடந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கோ பதினைந்து நாள் உண்டு. அந்நாட்களை வீணே கழியவிடாதிருத்தல் நம் கடமையாகும்.