'அசல்' என்னும் சொல்லும் ஒரு கான்டெஸா காரும்

போர்ட் கொச்சியில் தங்கி ஆய்வுப்பணி மேற்கொண்டிருக்கும் இந்நாட்களில், மாலை வேளைகளில் நான் சென்று அமரும் இடங்களுள் ஒன்று மட்டாஞ்சேரியிலுள்ள ஒரு சிறு வாகனப் பட்டறை. அங்கே சில மாதங்களாக ஒரு கான்டெஸா கார் புத்துயிர் பெற்று வருகிறது. அதன் பின்கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் சிறு நெம்புகோல் உடைந்திருந்தது. பட்டறையின் மூத்தவரை எல்லோரும் 'ஆசான்' என்றே அழைப்பர். அவர் பித்தளைத் துண்டொன்றை இரண்டு மணி நேரம் அராவி, அதே அளவில் ஒன்றைச் செய்து பொருத்தினார். கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அஸ்ஸல்" என்றார்.

நான் திகைத்தேன். கண்ணெதிரே செய்த பொருளை எவ்வாறு அசல் என்கிறார்?

திகைப்புக்குக் காரணம் என் தமிழ்க் காது. அரபு மொழியில் 'வேர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து கிளைத்தது நம் 'அசல்'. தமிழில் அது வட்டிக்கு எதிரான முதலையும், நகலுக்கு எதிரான மூலத்தையும் குறிக்கும். மலையாளத்திலும் மூலப் பத்திரத்தைக் குறிக்க அச்சொல் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் அது 'மிகச் சிறப்பானது' என்னும் பொருளுக்கு விரிந்துவிட்டது. நான் அசலென்று கேட்டதை ஆசான் 'அருமை' என்று சொல்லியிருந்தார். பழைய கார்களைப் புதுப்பிப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா இவ்விரு பொருள்களுக்கு நடுவே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதலில் இருந்ததே அசலா? முதலில் இருந்ததைப் போலவே செம்மையாக இயங்குவதும் அசலா?

கான்டெஸாவை 'இந்தியாவின் மசில் கார்' என்று பலர் அழைப்பதுண்டு. அது தோற்றத்தால் வந்த பெயர். நடுத்தர அளவுக் காரில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தும் அமெரிக்க வழக்கத்திலிருந்து பிறந்தது 'மசில் கார்'. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் தொடக்கமாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவர். கான்டெஸாவுக்கு நீண்ட பானெட்டும் அகன்ற தோளும் அமைந்தன. உள்ளே இருந்ததோ அம்பாசடருக்கும் உரிய 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின், ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்.

உடல் எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விக்டர் காரின் கடைசித் தலைமுறை, 1976இல் வி.எக்ஸ். எனப் பெயர் மாறி, 1978இல் நிறுத்தப்பட்டது. அதன் அச்சுக்கருவிகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிக் கொணர்ந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் கான்டெஸாவைத் தயாரித்தது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. பின்னர் டீசல் எஞ்சினும் வந்தது. 2002இல் தயாரிப்பு நின்றது. ஆங்கிலேய உடல், முதலில் ஆங்கிலேய எஞ்சின், பின்னர் ஜப்பானிய எஞ்சின், வங்கத் தொழிலாளர் கைவேலை. கான்டெஸா பிறப்பிலேயே பலரின் பாகங்களால் கூடிய கார்.

இவ்வரலாறு பட்டறையில் அன்றாடம் வெளிப்படுகிறது. எஞ்சின் பாகங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு இல்லை. இரு பெட்ரோல் எஞ்சின்களும் அம்பாசடரிலும் பயன்பட்டவை, அம்பாசடரோ 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரிதானவை உடலைச் சார்ந்தவை: முன்பக்கக் கிரில், பின்விளக்குக் கண்ணாடி, கதவோர ரப்பர், டாஷ்போர்டு. இவற்றுக்காகச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அலைய வேண்டும். அல்லது செய்துகொள்ள வேண்டும். உப்புக்காற்று வீசும் கொச்சியில் தரைத்தகடும் கதவின் கீழ்விளிம்பும் முதலில் அரிக்கப்படும். துருவை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைத் தட்டி வளைத்து, பற்றவைத்து, பட்டி பூசித் தேய்க்கிறார்கள். இவ்வேலைக்குத் தமிழிலும் மலையாளத்திலும் 'டிங்கரிங்' என்றே பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் திட்டமின்றி எதையேனும் நோண்டிக்கொண்டிருப்பதைக் குறிக்கும். நம் பட்டறைகளில் அது ஒரு முழுத் தொழிலின் பெயராக உயர்ந்துவிட்டது.

பட்டறைச் சொற்களே ஒரு வகை உதிரிபாகங்கள்தாம். மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 அளவில் உருவான சக்கரத்தின் வணிகப்பெயர் அது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த சொல் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. பழங்காலக் கார்களின் பின்னால் திறந்து மூடும் கூடுதல் இருக்கைக்கு 'டிக்கி' என்று பெயர். இருக்கை மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நம் பொருட்கள் வைக்கும் பின்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. இச்சொற்களை 'திருத்தி' மூலவடிவத்துக்குக் கொண்டு செல்ல எவரும் முயல்வதில்லை.

கார் விஷயத்தில் அத்தகைய தாராளம் இல்லை. ஒன்றிய அரசு 2021இல் கொணர்ந்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனமே 'விண்டேஜ்' எனப் பதிவு பெறும். அது மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் கூடாது. மிக மூத்த கான்டெஸாவுக்கும் 2034இல்தான் 50 வயதாகும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார். ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

நான் சொல்லும் கார் 1986இல் பதிவானது. உரிமையாளரின் தந்தை, மலைப்பாதையில் திணறிய பி.எம்.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு இசுசு எஞ்சினைப் பொருத்தினார். பதிவுச் சான்றிலும் புதிய எண் முறையாக ஏறியது. பழைய எஞ்சின் இன்றும் பட்டறை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. 2036ஐ எண்ணி, அதையே மீண்டும் ஏற்றலாமா என்று மகன் தயங்குகிறார். ஏற்றினால் ஆலை தந்த வடிவம் திரும்பும். தந்தை முப்பது ஆண்டுகள் ஓட்டிய கார் மறையும்.

ஏட்டுச்சுவடி மரபில் வந்த நமக்கு இவ்வினா புதிதன்று. சங்க நூல் எதற்கும் புலவர் கைப்பட எழுதிய ஏடு இல்லை. நம்மிடம் இருப்பவை படிகளின் படிகள். முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத பதிற்றுப்பத்தை உ.வே.சாமிநாதையர் 1904இல் அக்குறையோடே பதிப்பித்தார். இல்லாததை இட்டு நிரப்பாமையே அப்பதிப்பின் நேர்மை.

ஆசானிடமும் அத்தகைய நேர்மை உண்டு. அவரது குறிப்பேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே அது ஆலையிலிருந்து வந்ததா, வேறொரு காரிலிருந்து எடுத்ததா, பட்டறையில் செய்ததா என்று எழுதி வைத்திருக்கிறார். பித்தளை நெம்புகோலுக்கு நேரே தேதியும் இருக்கிறது. செய்ததைச் செய்தது என்று ஒப்புக்கொள்ளும் அந்த ஏடு, புதுப்பித்த காரை விட மதிப்புடைய ஆவணம் என்பது என் எண்ணம். பாகத்தை மாற்றுவதால் மட்டும் ஒரு பொருள் போலியாகிவிடாது. மாற்றியதை மறைக்கும்போதுதான் அது போலியாகிறது. மூலவடிவத்தை அளக்கும் சட்டம் இத்தகைய ஏடுகளையும் ஒரு சான்றாக ஏற்குமானால், கான்டெஸா போன்ற வண்டிகள் தம் முழு வரலாற்றோடும் பிழைத்திருக்கும்.

எஞ்சின் குறித்து மகன் இன்னும் முடிவெடுக்கவில்லை. சென்ற வாரம் ஆசானிடம் அவர் கருத்தைக் கேட்டேன். சாக்கை விலக்கி, பழைய எஞ்சினுக்குச் சிறிது எண்ணெய் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். இறுகிப்போகாமல் சுழன்றது. "இரண்டும் ஓடும் நிலையில் இருக்கட்டும்" என்றார்.